டேப் போடாமல் வாங்கிய பூமி

எங்கள் ஊரில் ஒரு பனியனின் செஸ்ட் அளவு அரை இஞ்ச் கூடினால் மொத்த லாட்டையும் ரிஜெக்ட் செய்வோம். அதே நாங்கள் பூமி வாங்கும்போது டேப்பைத் தொடமாட்டோம். அளக்கக் கேட்டால் விற்பவரை நம்பவில்லை என்று அர்த்தமாம். நானும் நாலு புத்தகம் படித்தவன் என்பதால் இந்த முட்டாள்தனத்தைக் கூடுதல் பண்போடு செய்தேன்.

பக்கத்திலிருக்கும் நெருப்பெரிச்சல் கிராமத்தில் ஒரு விவசாயி தன் விவசாயக் காட்டை இரண்டாகப் பிரித்து, ரோட்டோரப் பாதியை எனக்கும் பின்பாதியைத் துணி வியாபாரியான ஒரு பாய்க்கும் ஒரே நாளில் கிரயம் கொடுத்தார். “அளந்துக்கறீங்களா?” என்று அவரே கேட்டார்.

“அட, நமக்குள்ள எதுக்குங்க!” என்றோம் இருவரும், போட்டி போட்டுக்கொண்டு.

பத்திர எழுத்தர் என் எல்லையைப் பாய் பத்திரத்திலும் பாய் எல்லையை என் பத்திரத்திலுமாக மாற்றி எழுதினார். பதிவு அலுவலகத்தில் அப்படியே பதிந்தார்கள். தாலுகா அலுவலகத்தில் இடத்தை எட்டிப் பார்க்காமலே பட்டா கொடுத்தார்கள். பிழை போன மேஜையிலெல்லாம் அதற்கு ஒரு சீல் கிடைத்தது. நான் ரோட்டோரத்தில் பனியன் துணி வெட்டும் கட்டிங் ஷெட் போட்டேன். வில்லங்கச் சான்று எடுத்து, வில்லங்கம் இல்லை என்பதை மட்டும் படித்து மகிழ்ந்து, எல்லையைப் படிக்காமல் பீரோவில் பூட்டினேன்.

போன வருடம் பாய் தன் பாதியை விற்கப் புறப்பட்டார். வாங்க வந்தவர் சர்வேயரோடு நேராக என் ஷெட்டுக்குள் நுழைந்தார்.

“ஏனுங்க, யாரு வேணுங்க?”

“இது பாயோட இடமுங்க. பட்டா அப்படித்தான் சொல்லுது. ஷெட்டை எப்பக் காலி பண்றீங்க?”

பாயிடம் ஓடினேன். வந்தவரும் பின்னாலேயே வந்து, “பேப்பர் உங்க பக்கம் பாய். ரோட்டோர விலையே தர்றேன்” என்றார்.

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பேப்பர் என் பக்கம்தானுங்க. ஆனா இவரு ஷெட்டை வித்துட்டு, தினமும் டீக்கடையில இவரு மூஞ்சியப் பாக்கோணுமே. இப்பவே அது பாக்கற மாதிரியா இருக்குது?”

வந்தவர் போய்விட்டார். இத்தனை சீல் காப்பாற்றாத ஷெட்டை ஒரு டீக்கடை காப்பாற்றியது. ‘கணினிமயம்’ என்று போர்டு வைத்திருப்பது என்னவோ அலுவலகங்களில்தான்.

பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு விவசாயியையும் கூட்டிக்கொண்டு அதே எழுத்தரிடம் போனோம். அவர் பழைய நகலைப் பார்த்தே எழுத ஆரம்பித்தார்.

“அளவெல்லாம் சரியாத்தானுங்க இருக்கும். நமக்குள்ள எதுக்குங்க?”

பாய் சட்டைப்பையிலிருந்து பனியன் அளக்கும் டேப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“மொதல்ல சர்வேயர் வந்து அளக்கட்டுங்க. அதுவரைக்கும் பேனாவை மூடி வைங்க.”