குழாயைத் திறந்து வைத்த நாள்

பழவேற்காடு உப்பு ஏரிக்குள் இருக்கிற எங்கள் தீவுக்கு, மழை பொய்த்த வருஷங்களில் குடிதண்ணீர் படகில்தான் வரும். பூநாரை பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு நண்டுக் குழம்பும் சோறும் ஆக்கிப் போடுவது எனக்கும் என் நாத்தனாருக்கும் தொழில். சாப்பிட்டவர்கள் கை கழுவத் தண்ணீர் கேட்டால், பாதிச் செம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு இருவரும் அடுப்படிக்குள் மறைந்துகொள்வோம்.

சுற்றுலாவுக்கென்று படகுத்துறையைச் சீர் செய்தபோது, பக்கத்திலேயே எங்களுக்கு ஒரு தொட்டியும் குழாயும் வைத்தார்கள். அக்கரையிலிருந்து தொட்டிவரை பைப் போடுவது மட்டும் பாக்கி. அதற்குள் அதிகாரி திறந்துவைக்க வருவதாகச் சேதி வந்தது.

அன்று காலையில் காண்ட்ராக்டர் படகு நிறைய டிரம்களில் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து, மோட்டார் வைத்துத் தொட்டியில் ஏற்றினார். அதிகாரி குழாயைத் திறக்கும்போது குடத்தோடு நின்று சிரித்தால் போதும் என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, அவரை அழைத்துவரக் கரைக்குப் போனார். மோட்டார் இங்கேயே இருந்தது.

படகு தூரம் போனதும் நாத்தனார் குழாயடியில் தன் குடத்தை வைத்தார்.

"போட்டோக்குத் தொறந்து மண்ணுல வுடப் போறானுங்க. அதுக்கு நம்ம வூட்டுக்கே போவட்டும்."

குடம், குண்டான், வாளி எல்லாம் நிரம்பின. மீன் வைக்கும் ஐஸ்பெட்டியைக்கூடத் தேய்த்துக் கழுவி நிரப்பினோம். தொட்டி காலியானது. குழாயில் ஒன்றுமே வராவிட்டால் நம்மைத்தானே கேட்பார்கள் என்றேன். நாத்தனார் மோட்டாரைப் பார்த்தார், பிறகு ஏரியைப் பார்த்தார். படகு இஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிற என் வீட்டுக்காரருக்கு அந்த மோட்டார் எம்மாத்திரம்? கொஞ்ச நேரத்தில் தொட்டி மறுபடி நிறைந்தது.

அதிகாரி ஓர் இளம்பெண். குழாயைத் திறந்தார், தண்ணீர் கொட்டியது, நாங்கள் சிரித்தோம், போட்டோ எடுத்தார்கள். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். காண்ட்ராக்டருக்குத்தான் உற்சாகம் தாங்கவில்லை. தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று காட்ட, ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்துவிட்டார்.

எப்படி இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார் அவர், கண்ணில் நீர் முட்ட. குமட்டலை அடக்கவும் முடியவில்லை, முகச்சுளிப்பை மறைக்கவும் முடியவில்லை. அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தானே ஒரு கை ஏந்தி, நாக்கில் வைத்ததும் துப்பினார்.

"இது எங்கேருந்து வருது?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"ஏரிலேருந்துதாம்மா," என்றார் நாத்தனார். "கரையிலேருந்து வர்ற பைப்பத்தான் இன்னும் போடலியே."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. காண்ட்ராக்டர் எங்களை முறைத்தார். சிரிக்கச் சொன்னவரே அவர்தான் என்பதால் நான் சிரிப்பை நிறுத்தவில்லை.

அந்தம்மா தொட்டியைச் சுற்றி நடந்து பார்த்தார். பைப் எங்கும் இல்லை. எல்லார் முன்னாலும் அவர் கேட்ட கேள்விகளுக்குக் காண்ட்ராக்டர் வெயிலில் நின்று தலையை மட்டும் ஆட்டினார். அந்த வாரமே பைப் ஏற்றிய படகு வந்தது. கோடை முடிவதற்குள் குழாயில் நல்ல தண்ணீர் வந்துவிட்டது.

வேலை நடந்த நாளெல்லாம் காண்ட்ராக்டர் எங்களிடம்தான் சாப்பிட்டார். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நாத்தனார் மட்டும் அவர் இலையில் பெரிய நண்டுக் கால்களாகப் பார்த்து வைப்பார்.