மில் வாசலில் நின்ற எஞ்சின்

தொண்ணூறுகளில், கல்லூரியில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பந்தயக் கார் ஒன்றைச் செய்தோம். ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர் புது எஞ்சின் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஆனால் அவர் மகன்தான் ஓட்ட வேண்டுமாம்.

"கைய கரியாக்கினது நாங்க, ஓட்டுறது உங்க மகனா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மம்சாபுரத்தில் ஒரு வீட்டு மூலையில் கிடந்த பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றி வந்து பொருத்தினோம். சக்கரத்துக்கு, அவர் மில்லில் கழித்துப்போட்ட பேரிங்குகளே பழைய இரும்புக்கடையில் கிடைத்தன.

சாலையில் விட்ட முதல் சோதனை ஓட்டத்தில் நான்தான் ஓட்டினேன். சரியாக அவர் மில் வாசலில் எஞ்சின் நின்றுபோனது. அவரே வெளியே வந்து சிரித்தார்.

"ஏம்மா, இப்பவாவது புது எஞ்சின் வேணுமா?"

"வேண்டாம் முதலாளி. நீங்க தூக்கிப்போட்ட பேரிங்கு நல்லாத்தான் உருளுது. வழிய விடுங்க, தள்ளிக்கிட்டே போறோம்."