இரண்டு டிஸ்க்கில் ஒரு கலியாணம்

பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டு சிறு விளக்குகள். ஒன்று பச்சையாக எரிந்தது, மற்றது சிவப்பாக விட்டுவிட்டு மின்னியது. கரம்பொனில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்தப் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்றபடி வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், கதிரையைப் பிடித்தபடி மச்சாள் நின்றார். என் அண்ணையின் மனைவி. தூதரகத்தில் இருந்து வந்த கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார். அண்ணையிடம் போவதற்கான விசா நேர்முகத்துக்கு, கொழும்பில், இன்னும் பதினெட்டு நாட்கள் இருந்தன.

அந்தப் பெட்டி சமாதான காலத்தில் வந்தது. வெளிநாட்டில் இருந்த அண்ணை கலியாணம் கட்ட ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தார். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். மச்சாள் முன்னறையில் மூன்று கணினிகளை வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்குத் தட்டச்சும் கணினியும் பழக்கினார். பெட்டியை அவற்றோடு வயரால் இணைத்துவிட்டால் எந்தக் கணினியில் இருந்தும் அதற்குள் உள்ளதைத் திறக்கலாம். கலியாணப் படங்கள் அத்தனையும், அண்ணை எழுதிய மின்னஞ்சல்கள் ஒன்று விடாமல், எல்லாவற்றையும் மச்சாள் அதற்குள்தான் போட்டு வைத்தார். படம் பிடித்த கமராவைக்கூட அண்ணை மச்சாளிடமே விட்டுவிட்டுப் போனார். கொழும்பில் நல்ல அல்பம் செய்விப்போம், அண்ணைக்கு சி.டி.யில் எழுதி அனுப்புவோம் என்று ஆறுதலாக இருந்துவிட்டோம். அதற்குள் சண்டை தொடங்கி, கொழும்புக்குப் போகும் ஒரே பாதையையும் பூட்டிவிட்டார்கள். அல்பமும் இல்லை, சி.டி.யும் இல்லை. இது உண்மையான கலியாணம் என்று தூதரகத்துக்குக் காட்ட விவாகப் பதிவுத் துண்டை விட்டால் அந்தப் பெட்டி மட்டும்தான் இருந்தது.

எங்கள் தீவுப்பகுதிச் சனம் சண்டைக்கு ஓடிப் பழகிய சனம். நகையோ, காணி உறுதியோ, பிறப்புச் சான்றிதழோ, எதையும் ஒரே பையில் வைக்கமாட்டார்கள். இரண்டு பொட்டலமாக்கி இரண்டு பேரிடம் கொடுத்து இரண்டு பக்கமாக அனுப்புவார்கள். ஒருவர் அகப்பட்டால் மற்றவரிடம் இருப்பதாவது மிஞ்சும். சண்டை திரும்பவும் தொடங்கப்போகிறது என்ற கதை அடிபட்டபோது மச்சாளுக்கும் அந்த யோசனைதான் வந்தது. நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்தேன். கிழமை முடிவில் வீட்டுக்கு வந்திருந்த என்னிடம், உள்ளே இரண்டு டிஸ்க் இருக்கிறதுதானே, ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் வைத்திரும் என்றார். இரண்டிலும் ஒரே சாமான்தானா என்றும் கேட்டார். கேட்டார் என்பதுதான் என்னை இன்றைக்கும் குடைகிறது. கணினியில் நான் பெரிய விண்ணன் அல்லவா, பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. ஐந்து நிமிட வேலை. ஓம், ஒன்றின் பிரதிதான் மற்றது, அதற்குத்தானே இரண்டு போடுவது என்று சொல்லி, ஆணிகளைக் கழற்றி ஒன்றை எடுத்துச் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்துக் கொண்டுபோனேன். மற்றதை மச்சாள் தலையணைக்குள் வைத்துத் தைத்தார்.

இப்போது தலையணையைப் பிரித்து அந்த டிஸ்க்கைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டும் ஒரு படத்தைக்கூடக் காணவில்லை. நான் வயரை மாற்றினேன். வேறு கணினியில் பார்த்தேன். பெட்டியின் முகவரியைத் தேடிப் பிடித்தேன். கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொண்டது. உள்ளே போனால் வெறும் வெளி. மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், அது ஆறி ஆடை படர்ந்தது. கடைசியில் அண்ணைக்கு அழைப்பு எடுத்து ஒலிபெருக்கியில் போட்டோம். அண்ணை சாவகாசமாகச் சொன்னார்.

“ரெண்டையும் சேர்த்து ஒரே பெரிய இடமா விட்டனான், படம் கனக்கப் பிடிக்குமெண்டு. ஒவ்வொரு படத்திலயும் பாதி ஒண்டில கிடக்கும், பாதி மற்றதில கிடக்கும். தம்பி, உன்னட்டக் கிடக்கிறதைக் கொண்டுவந்து போடு. எல்லாம் திரும்பி வரும்.”

மச்சாளின் முகம் மலர்ந்துவிட்டது. “அவ்வளவுதானே?” என்றார். என்னிடம் இருந்த டிஸ்க்கை நான் அழித்துவிட்டிருந்தேன்.

பாதை பூட்டிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு எந்த உதிரிப்பாகமும் வருவதில்லை. வகுப்பில் ஒரு கணினியின் டிஸ்க் பழுதாகிவிட்டது, பிள்ளைகளுக்குச் சோதனை நெருங்கியது. பிரதிதானே, மூலம் மச்சாளின் தலையணைக்குள் பத்திரமாக இருக்கிறதே என்று எண்ணி, யாரையும் கேட்காமல் அந்த டிஸ்க்கைத் துடைத்து வகுப்புக் கணினியில் பூட்டிவிட்டேன். இரண்டு மாதமாகப் பிள்ளைகள் அதில்தான் வேலை செய்தார்கள். அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது. யாழ்ப்பாணம் திரும்பி மூன்று நாள் அதை ஓடவிட்டேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்பதற்கு வேறு பதில் சொன்னேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழும்பிப் போய்த் திரையைப் பார்ப்பதும் வருவதுமாக இருந்தேன். பிள்ளைகளின் தட்டச்சுப் பயிற்சிகள்தான் திரும்பத் திரும்ப வந்தன.

நாலாம் நாள் வெறும் பையோடு பஸ் ஏறினேன். தீவுக்குப் போகும் வழியில், பண்ணைச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்த ஆமிக்காரன் சாப்பாட்டுப் பெட்டியையும் மடித்து வைத்த மாற்றுச் சேட்டையும் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினான். யாரும் எதையும் எடுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், சத்தியமாக. வேலணை வரும்போது மனம் ஆட்டம் கண்டது. நாரந்தனை தாண்டும்போது என்ன சொல்வதென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மச்சாள் வீட்டு வாசல் படலையிலேயே நின்றார். என் கையைத்தான் முதலில் பார்த்தார். சோதனைச்சாவடியில் டிஸ்க்கை எடுத்துப்போட்டார்கள் என்றேன். பொய் சொல்லும்போது நா குழறும் என்பார்கள், எனக்குக் குழறவில்லை. மச்சாள் என் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“உமக்கு அடிச்சவங்களே?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“அது போகட்டும் தம்பி. உம்மைப் பிடிச்சு வைச்சிருந்தால் நான் உம்மட அண்ணைக்கு என்ன பதில் சொல்லுறது? நீர் வந்து சேர்ந்தீர், எனக்கு அதுவே காணும்.”

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குசினிக்குள் கூட்டிப்போய்ச் சோறு போட்டார், நல்ல மீனாகப் பார்த்து என் சோற்றுக் கோப்பையில் வைத்தார். பின்னேரம் தேவாலயத்துக்குப் போய் எனக்காக மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். அழிந்துபோன தன் கலியாணப் படங்களைப் பற்றி அன்றைக்கு ஒரு சொல்லும் பேசவில்லை. திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன் என்று பல நாள் எண்ணியிருக்கிறேன்.

மச்சாள் கப்பலில் கொழும்புக்குப் போய் விவாகப் பதிவுத் துண்டை மட்டும் காட்டினார். மறுத்துவிட்டார்கள். பிறகும் ஒரு தடவை மறுத்தார்கள். மூன்றாம் தடவைதான் விசா கிடைத்தது. இதற்குள் மூன்று வருடம் போய்விட்டது. அந்த மூன்று வருடமும் அண்ணை அங்கே தனியே, மச்சாள் இங்கே தனியே. நான் கிழமை முடிவில் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மச்சாள், அடுத்த முறையும் கவனமாக வாரும், பையில் ஒன்றும் வைத்துக்கொண்டு வராதேயும் என்று சொல்லி அனுப்புவார்.

இன்று அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவளுக்கு ஊர்த் தமிழ் நன்றாக வருகிறது. அம்மாவின் கலியாணப் படம் ஏன் வீட்டில் ஒன்றுகூட இல்லை என்று அவள் கேட்கும்போதெல்லாம் மச்சாள் என் கதையைத்தான் சொல்கிறாராம். படங்களுக்காகச் சித்தப்பா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆமியைத் தாண்டி வந்த கதை. போன மாதம் தொலைபேசியில் பேசியபோது அவள் என்னிடமே கேட்டாள்.

“சித்தப்பா, அண்டைக்கு உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?”

பக்கத்தில் மச்சாள் சிரிப்பது கேட்டது. ஓம், பயமாகத்தான் இருந்தது என்றேன். அந்தக் கதையில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.