ஒரு குழாய் மட்டும் சூடு

தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும்போது, துளி சுர்ரென்று பொரியாமல் அப்படியே தேங்கிக் கிடந்தால், இந்த வயதிலும் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் ஞாபகம் வருகிறது.

இரண்டாம் உலகச் சண்டைக்காலம் அது. கொடைக்கானல் பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த அத்தா, என் அப்பா, ஒரு சாயங்காலம் யாரோ ஒரு துரை விட்டுப்போன இரண்டு சிலிண்டர் மோட்டார் சைக்கிளில், என்னை முன்னால் பெட்ரோல் டாங்கின் மேல் உட்காரவைத்து வீட்டுக்கு மலையேறிக்கொண்டிருந்தார். இன்று விடுதிகள் நெருக்கியடித்து நிற்கும் வளைவு அன்று பட்டப்பகலிலும் இருட்டான சோலைக்காடு. மூடுபனி இறங்கி, மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். அங்கே வண்டி இருமத் தொடங்கியது, ஏற்றத்தில் இழுக்கவில்லை. எஞ்சினை அணைக்காமலே அத்தா இறங்கி இரண்டு புகைக்குழாய்களிலும் தண்ணீர் தெளித்தார். ஒன்று சுர்ரென்றது. மற்றதில் தண்ணீர் சும்மா வழிந்தது.

"இந்தப் பக்கம் எரியாம செத்துக் கெடக்கு தாயி. எஞ்சினை நிறுத்தித்தான் பிளக்கைத் தொடைக்கணும்."

நிறுத்தியதும் கேட்டது, புதருக்குள் காட்டுமாட்டின் மூச்சு. அதுவரை எஞ்சின் சத்தத்துக்குத்தான் அது ஒதுங்கி நின்றிருக்கிறது.

"ஹாரனை விடாம அமுக்கு தாயி" என்றபடியே அத்தா பிளக்கைக் கழற்றினார். கரி சுரண்டும் சத்தம், பெட்ரோல் நெடி, ஈர மாட்டின் வாடை எல்லாவற்றுக்கும் நடுவில் ஹாரனின் ரப்பர் பந்தை இரண்டு கையாலும் பிசைந்தேன். எஞ்சின் முழுசாக உறுமிக் கிளம்பி, நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு அரிக்கேன் வெளிச்சம் தெரிந்த பிறகும் நான் ஹாரனை விடவில்லை. அத்தாவும் போதுமென்று சொல்லவில்லை.