நான் மேய்க்காத மாடு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதி என்ன ஆகப்போகிறது? மூன்று முறை ஆரம்பித்து, மூன்று முறையும் ஃபோனைக் கட்டிலில் வீசிவிட்டு டீ குடிக்கப் போனேன். நான்காவது முறை போனபோது கடை மூடியிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

கல்லூரியில் எங்கள் கடைசி வருடம் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். எழுத வராத மாணவனுக்கு, எழுத வருகிற சக மாணவன் சொல்லிக் கொடுக்க வேண்டும். வரலாற்றுத் துறையில் எழுத வராதவன் யார் என்று யாரும் தேடவில்லை. நேராக என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு வாத்தியாராக வந்தவன் என் பெஞ்சுக்காரன், கூரம் கிராமத்துப் பையன். பார்க்கும்போதெல்லாம் "வணக்கம் வாத்தியாரே" என்று குனிந்து கும்பிட்டே அவன் உயிரை எடுத்தேன்.

வகுப்பு முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் உட்காருவோம். முதல் ஒரு வாரம் என்னைப் பேனாவையே எடுக்க விடவில்லை.

"நீ மொதல்ல பேசுபா. என்னாண்ட பேசற மாதிரியே பேசு. அப்பறம் பேசினத எழுது."

"பேசினா மார்க் போடுவாங்களா வாத்தியாரே?"

"உன் வாய்க்கு மார்க் போட்டா யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் நீதான். மூடிக்கினு எழுது."

"இப்பதான் பேசுன்ன, இப்ப மூடுன்ற. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுபா."

ஒரு மாதத்தில் எனக்கு ஒரு பக்கம் எழுத வந்தது. நிஜமாகவே வந்தது.

எங்கள் இருவருக்கும் ப்ராஜெக்ட் தலைப்பு ஒன்றுதான்: நம் பக்கத்து ஏரிகள். எனக்கு ஏரி என்றால் பஸ் ஜன்னலில் கடந்துபோகும் தண்ணீர். அவனுக்கு அப்படியில்லை. அந்த வருடமே பாஸ் செய்தால் எம்.ஏ. படிக்கலாம், இல்லாவிட்டால் கம்பெனி வேலைக்குப் போ என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஏரிக்கரை முழுக்க நடந்து, மடை திறக்கும் ஆளிடம் பேசி, ஒரு நோட்டு நிறையக் கையால் எழுதினான்.

ஒருநாள் அவன் டீ வாங்கப் போனபோது அந்த நோட்டு என் பக்கத்தில் கிடந்தது. ஓர் அத்தியாயம் முழுவதையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன். காப்பியைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் இண்டர்நெட்டில்தானே தேடும், இந்த நோட்டு இண்டர்நெட்டில் இல்லையே. அவ்வளவுதான் என் அறிவு. அவனும் தன்னுடையதை அதே கம்ப்யூட்டரில்தான் ஏற்றுவான் என்பது உறைக்கவில்லை. டைப் அடித்து அவனுக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஏற்றினேன். "வாத்தியாரே, உனக்கு முன்னாடி முடிச்சிட்டேன்" என்று ஒருமுறை சொல்லிப் பார்க்க ஆசை. சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டு சமோசா வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த வாரம் துறைத் தலைவர் மேடம் இருவரையும் கூப்பிட்டார். காப்பி என்று கம்ப்யூட்டர் குறித்ததில் அவன் பக்கங்கள் சிவப்பாக இருந்தன. பின்னால் வந்தது அவனுடையது, அதனால் திருடனும் அவன்தான்.

"சின்ன வயசுல இந்தக் கரையிலதான் மாடு மேய்ச்சேன்னு அவன் எவ்ளோ அழகா எழுதியிருக்கான். அந்த வரியக் கூடவா விடமாட்ட?" என்றார் மேடம் அவனைப் பார்த்து.

"மேடம், இவன் மாட்டப் பாத்தா ரோட்ட தாண்டி ஓடுவான். இவன் வீட்ல தறிதான் இருக்குது. இது என் நோட்டு, பாருங்க."

"நோட்டு எப்ப வேணா எழுதலாம்பா. சொல்லிக் குடுக்கற எடத்துல இருந்துக்கினு, படிக்க வந்த பையனோடத எடுக்கறியே."

அவன் என்னைப் பார்த்தான். நான் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன்.

மறுநாள் தனியாகப் போனேன். "மேடம், நான்தான் அவனோடத எடுத்தேன்" என்றேன். மூன்று வருடமாக அவரிடம் நான் விட்ட கதைகளுக்குக் கணக்கில்லை. அவர் சிரித்துவிட்டார்.

"ஃபிரெண்டக் காப்பாத்த வந்தியாக்கும்? உன் விளையாட்டெல்லாம் எனக்குத் தெரியும். போ, கிளாஸுக்குப் போ."

ஃபோன் என் சட்டைப் பையில் இருந்தது. படங்கள் அதில் இருந்தன, தேதியோடு. எடுத்து நீட்ட ஒரு நொடி போதும். நான் கிளாஸுக்குப் போனேன். படியிறங்கும்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அவன் ப்ராஜெக்ட் ரத்தானது. அந்த வருடம் போனது, எம்.ஏ. போனது. இப்போது ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போவதை ஒருமுறை பார்த்தேன். கை தூக்கினேன். அவன் எழவில்லை.

போன மாதம் மேடம் என்னைக் கல்லூரிக்குக் கூப்பிட்டு, சக மாணவனிடம் படித்து முன்னேறியவன் என்று ஜூனியர்கள் முன்னால் நிறுத்தினார். "பேசறதையே எழுதுங்க" என்று அவன் சொன்னதைச் சொன்னேன். கைதட்டினார்கள். அவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்று இதுவரை எழுதியதையும் அந்தப் படங்களையும் அவனுக்கு அனுப்பினேன். இப்போதாவது மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டட்டுமா என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது.

"இதையாச்சும் நீயே எழுதினியாபா?"