பினாங்கில் இறங்கிவிடுவேன் என்றார் அப்பா

கப்பல் துறைக்கு நாங்கள் லாரியில்தான் போனோம்.

அப்பா சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணைக்கு லாரி ஓட்டுகிறவர். அன்று அவருக்கு விடுமுறை என்பதால் அவருடைய லாரியை அவருடைய கூட்டாளி ஓட்டினார். முன்னால் அம்மாவும் நானும். பின்னால் ஏதோ ஒரு காண்டோ குடியிருப்புக்குப் போகிற பனைக்கன்றுகளுக்கு நடுவே எங்கள் பெட்டிகள், பெட்டிகளுக்குக் காவலாக அப்பா. ஹார்பர்ஃபிரண்டில் இறங்கியபோது அவர் தலைமுடியில் ஒரு பச்சை இலை சிக்கியிருந்தது. வாசலில் வெள்ளை உடுப்புப் போட்ட சிப்பந்தி ஒருவர் குனிந்து வணங்கி, அப்பாவின் தோளில் தொங்கிய நீலத் துணிப்பைக்குக் கை நீட்டினார்.

“பரவால்ல பரவால்ல, எனக்கு வெயிட் இல்ல,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அப்பா பையை இறுக்கிக்கொண்டார்.

நான் ஃபேரர் பார்க்கில் ஒரு சிறிய பயண நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான்தான். அதனாலோ என்னவோ, எதையும் படித்துவிட்டால் தெரிந்துவிட்டதாக நம்புகிற பழக்கம் எனக்கு உண்டு. சின்னச் சொகுசுக் கப்பல்களில் போகிற தமிழ் வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனைக் குறிப்புகள் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. ஒரு கப்பலிலும் கால் வைக்காமலேயே அவற்றை எழுதியிருந்தேன். மேலாளர் படித்துப் பார்த்து, “எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா வாசனையே இல்லையே தம்பி,” என்றார். அடுத்த பயணத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது, அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி எழுது என்றார். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, பினாங்கைத் தொட்டு, இரண்டு மூன்று தீவுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணம்.

சின்னக் கப்பல் என்றால் துறையில் நிற்கிற பெரிய கப்பல்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவை மிதக்கிற அடுக்குமாடிக் கட்டடங்கள், அங்கே நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கப்பலில் பயணிகள் நூறு பேர் கூட இல்லை. சிப்பந்திகளும் கிட்டத்தட்ட அவ்வளவு பேர். ஏறிய அன்று சாயங்காலமே நம் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. காப்பியில் சீனி எவ்வளவு என்பதும் தெரிந்துவிடுகிறது. சொகுசு என்று விளம்பரத்தில் போடுவது இதைத்தான். தங்கக் குழாய் எதுவும் கிடையாது.

எங்கள் அறைக்குள் நுழைந்ததும் மூவரும் வழக்கம்போலச் செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனோம். புக்கிட் பாத்தோக் வீட்டில் அப்படித்தானே செய்கிறோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் செருப்புகள் இல்லை.

“அலாமா! இந்தக் கப்பல்லயும் திருடனா?” என்றார் அப்பா.

திருடன் இல்லை. வாசலில் விட்டால் துடைக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். மூன்று ஜோடியும் மூன்று துணிப்பைகளில் திரும்பி வந்தன. அம்மாவின் ரப்பர் சிலிப்பரைக் கழுவி, காயவைத்து, மெல்லிய தாளில் சுற்றியிருந்தார்கள். அம்மா அதைப் பிரித்துப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சோபாவில் சாய்ந்துவிட்டார். “என் சிலிப்பருக்கு வந்த வாழ்வப் பாருங்க லா! ஏங்க, நாளைக்கும் வெளியவே விடுவோம்.”

அப்பா சிரிக்கவில்லை. தன் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார். யாரோ ஒருவர் தன் செருப்பைத் தொட்டுத் துடைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் சிப்பந்தி வருவதற்குள் கட்டில் விரிப்பை அவரே இழுத்து மடித்து, குளியலறையைத் துடைத்து, குப்பையைக் கட்டி வைத்துவிட்டார். வந்த பெண், எங்களுக்கு ஏதோ குறை என்று நினைத்து முகம் வாடி நின்றாள்.

அன்று மதியம்தான் அது நடந்தது.

நம் ஊரில் உணவங்காடியில் சாப்பிட்டு எழுந்தால் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அதற்கான அலமாரியில் வைக்க வேண்டும். கை தானாகச் செய்கிற வேலை அது. எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் குறிப்பு எழுதியவன் என்பதால் அடக்கிக்கொண்டேன். நான் குடிக்கத் தண்ணீர் கேட்கத் திரும்பிய நேரத்தில் அப்பா எங்கள் மூன்று பேர் தட்டையும் அடுக்கி, மேலே கரண்டிகளை வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அலமாரியைத் தேடினார். சாப்பாட்டுக் கூடத்தின் கோடியில் சமையலறைக்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று உள்ளே போக, ஒன்று வெளியே வர. அப்பா வெளியே வருகிற கதவைத் தோளால் தள்ளினார்.

அந்தப் பக்கம் ஒரு பரிசாரகர் தட்டு நிறையக் கிண்ணங்களோடு வந்துகொண்டிருந்தார்.

அந்தச் சத்தம் கப்பல் முழுக்கக் கேட்டிருக்கும். மாம்பழப் புட்டிங் தரையெல்லாம். கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா குனிந்து, “மாஃப், மாஃப்,” என்று மலாயில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கையால் புட்டிங்கை வழிக்க ஆரம்பித்தார். பரிசாரகர் இந்தோனேசியர். என் வயதுதான் இருக்கும். அவரும் குனிந்து, “வேண்டாம் பாக், விடுங்க பாக்,” என்று மலாயில் கெஞ்சினார். அவர்கள் பக்கம் பெரியவர்களை ‘பாக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மேற்பார்வையாளர் ஓடி வந்து இருவரையும் எழுப்பினார். அப்பாவிடம் சிரித்தார். அந்தப் பரிசாரகரிடம் சிரிக்கவில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

அறைக்கு வந்ததும் அப்பா நீலப் பையில் துணிகளை அடுக்கினார்.

“நாளைக்குக் காலையில பினாங்கு வருதுல்ல? நான் இறங்கி பஸ் ஏறிடுறேன். நேரா வூட்டுக்குப் போயிடலாம்.”

“அப்பா, யாரும் ஒண்ணும் சொல்லலப்பா.”

“என்னய யாரு சொல்லுவா? அந்தப் புள்ளையைத்தான் திட்டியிருப்பாங்க. சம்பளத்துல கைய வைப்பாங்களோ என்னவோ. அவன் மூஞ்சிய எப்படிடா பார்க்கிறது? அவன் சோறு கொண்டாந்து வைப்பானாம், நான் உட்காந்து திம்பேனாம்.”

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சொகுசுக் கப்பலில் இதெல்லாம் சகஜம், பணியாளர்களுக்குப் பயிற்சி உண்டு, நடுவில் இறங்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அப்பா பையின் ஜிப்பை இழுத்தார். என் ஆலோசனைக் குறிப்புகளில் உடை பற்றி ஒரு பத்தியும், கப்பல் ஆட்டத்துக்கு மாத்திரை பற்றி ஒரு பத்தியும் இருந்தன. உட்கார்ந்து சாப்பிடக் கூசுகிற மனிதனை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை.

அம்மா அதுவரை பால்கனியில் கால் நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே பேசினார்.

“போறதா இருந்தா நீங்க போங்க. நான் வரல.”

அப்பா திரும்பினார். “தனியாவா இருக்கப் போற?”

“புள்ள இருக்கான்ல. நான் கேன்டீன்ல எத்தனை வருஷமா அடுத்தவங்க தட்டை எடுக்குறேன்? இங்க ஒரு ஆள் வந்து என் தட்டை எடுக்குறாங்க. எனக்கு நல்லாருக்கு. வெக்கமா இல்ல, நல்லாருக்கு.”

அம்மா ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் தட்டு எடுத்துக் கழுவுகிறவர். அந்த வேலையைப் பற்றி வீட்டில் குறையாகவும் பேசமாட்டார், பெருமையாகவும் பேசமாட்டார். அன்று பேசினார்.

“சில பசங்க எனக்கு உதவி பண்றேன்னு எட்டுத் தட்டை ஒண்ணா அடுக்கித் தூக்கிட்டு வருவாங்க. பாதி வழியில போட்டுருவாங்க. அப்புறம் யாருங்க கூட்டுறது? நானு. எனக்கு அது வேணாம். நின்னு மூஞ்சியப் பார்த்து ஒரு தேங்க்ஸ் சொன்னாப் போதும். அதச் சொல்லாமப் போறவங்கதான் அதிகம். நீங்க அந்தத் தம்பிகிட்ட அதச் சொல்லுங்க. சொல்லிட்டு அப்புறம் பஸ் ஏறுங்க.”

“நீ ரொம்பப் பேசுற.”

“காத்து நல்லாருக்கு. பேச்சு வருது.”

அப்பா அன்று சாயங்காலச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அம்மா கொண்டுவந்திருந்த பருப்புப் பொடியை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டாராம். ‘வீட்டுச் சாப்பாடு எடுத்துவரத் தேவையில்லை’ என்று என் குறிப்பில் இருந்தது. அந்த வரியை அப்புறம் எடுத்துவிட்டேன்.

காலையில் பினாங்கு வந்தது. சின்னக் கப்பல் ஊருக்குப் பக்கத்திலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. பெரிய கப்பலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்க வேண்டியதை இங்கே ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் முடித்துவிடலாம். இறங்குகிற பலகைக்குப் போனோம். அப்பா தோளில் நீலப் பை. அம்மா ஒரு குடையோடு, பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு, ஊர் சுற்றுகிற குஷியில்.

பலகையின் மேல்முனையில் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல்களைக் கொடுத்துக்கொண்டு நின்றவர் அந்தப் பரிசாரகர். சின்னக் கப்பலில் ஒருவரே நாலு வேலை பார்ப்பார் என்று நான் எழுதியிருக்கிறேன். அது உண்மை. அப்பா கால் தயங்கி நின்றார். பின்னால் ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி, அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். திரும்பிப் போக வழியில்லை.

பரிசாரகர் பையைப் பார்த்தார். “பாக், ஊருக்கா?” என்று மலாயில் கேட்டார்.

அப்பாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. பண்ணையில் பாதிப் பேச்சு அதில்தான். ஆனால் அப்போது அவருக்கு வார்த்தைகள் கோர்வையாக வரவில்லை. “நேத்து, என்னால... உனக்குத் திட்டு விழுந்துச்சா?” என்றார்.

“விழுந்துச்சு பாக்.” அவர் சிரித்தார். “கதவுல இருக்கிற கண்ணாடி வழியா வெளியே யார் வர்றாங்கன்னு பார்த்துட்டு வரணும். நான் பார்க்கல. அதுக்குத்தான் திட்டு. அதுக்கப்புறம் மிச்சம் இருந்த புட்டிங்கையெல்லாம் நாங்களே சாப்பிட்டோம். சமையல்காரர் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.”

“சம்பளத்துல பிடிச்சாங்களா?”

“கிண்ணத்துக்கா? ஐயோ பாக், கிண்ணத்துக்குப் பிடிச்சா நான் இந்நேரம் இந்தக் கப்பலுக்கே கடன்காரன்.”

பின்னால் நின்ற ஆஸ்திரேலியருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார்.

“ராத்திரி உங்க மேசைக்கு என்னைப் போடச் சொல்லிக் கேட்டிருந்தேன்,” என்று தொடர்ந்தார் பரிசாரகர். “இங்க பயணிகள் யாரும் மலாய் பேச மாட்டாங்க. நீங்க ஒருத்தர்தான். வாய் வலிக்க இங்கிலீஷ் பேசிட்டு, வந்து பார்த்தா உங்க நாற்காலி காலி.”

அப்பா அவர் நீட்டிய போத்தலை வாங்கிக்கொண்டார். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்து, “தெரிமா காசி,” என்றார். நன்றி. அம்மா சொல்லச் சொன்ன அந்த ஒற்றைச் சொல். சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார் என்று நான் நினைத்தேன். அம்மா வானத்தைப் பார்த்தார்.

அப்பா தோளிலிருந்து நீலப் பையைக் கழற்றி, “இத ரூம்ல வச்சிடுறியா?” என்று அவரிடம் கொடுத்தார்.

யாரிடமும் எதையும் தூக்கக் கொடுக்காத மனிதர். பரிசாரகர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அம்மா உடனே சொன்னார்: “அப்போ என் குடையையும் கொடுத்துருங்க லா, வெயிலே இல்ல.”

பினாங்கில் அப்பா என்ன பார்த்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நாசி கண்டார் சோற்றுக் கடையில் உட்கார்ந்தபோதும், “கப்பல் போயிடாதா? நேரம் என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். துறைக்கு முதலில் திரும்பிய பயணிகள் நாங்கள்தான்.

அதற்குப் பிறகான நாள்கள் வேகமாக ஓடின. ஒரு தீவில் கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறங்க வேண்டியிருந்தது. படகில் இருப்பவர் கை நீட்டினால் விரல்களைப் பிடிக்காதீர்கள், நழுவிவிடும். அவர் உங்கள் முழங்கைக்குக் கீழே பிடிப்பார், நீங்களும் அவரை அதே இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மா அப்படிப் பிடித்துக்கொண்டு தாவி உட்கார்ந்து, “ஏங்க, பொத்துன்னு வந்து உட்காருங்க, ஸ்டைல் பண்ணாதீங்க!” என்று அப்பாவைக் கூவி அழைத்தார். அப்பா ஸ்டைல் பண்ணினார். கால் தவறி இடுப்பு வரை நனைந்தார். படகிலிருந்த எல்லாரும் கைதட்டினார்கள், அவரும் சேர்ந்து தட்டினார்.

திரும்பி வந்து குறிப்புகளை மறுபடி எழுதினேன். அறை எடுக்கும்போது கீழ்த் தளத்தில் கப்பலின் நடுப்பகுதியாகக் கேளுங்கள், ஆட்டம் குறைவாக இருக்கும். சைவமா அசைவமா என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், ஏறிய பிறகு சொன்னால் முதல் நாள் வெறும் சாலட்தான். பொடியும் ஊறுகாயும் தாராளமாகக் கொண்டுவாருங்கள், குக்கர் மட்டும் வேண்டாம். செருப்பை வாசலில் விடுங்கள், விடாவிட்டாலும் சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக இதைப் போட்டேன்: தட்டை எடுக்க வருகிறவரின் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லுங்கள். தட்டை அவர் எடுக்கட்டும்.

மேலாளர் படித்துவிட்டு, “இப்ப வாசனை வருது,” என்றார். என்ன வாசனை என்று கேட்டேன். “புட்டிங்,” என்றார். கதையை ஏற்கெனவே அவருக்குச் சொல்லியிருந்தேன்.

ஆனால் அந்த முதல் வரியை நான் எழுதியது கடைசி நாள் சாப்பாட்டைப் பார்த்த பிறகுதான். சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா மீனை முழுக்கச் சாப்பிட்டு முடித்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரிசாரகர் இரண்டு மேசை தள்ளி நின்று வேறு யாருக்கோ சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“பாருடா உங்கப்பாவ,” என்றார் அம்மா. “சும்மா இருக்கிறதுக்கு எவ்வளவு கஷ்டப்படுறாரு.”

“பேசாம சாப்பிடு. இதுவும் ஒரு வேலைதான்,” என்றார் அப்பா.

பரிசாரகர் எங்கள் பக்கம் திரும்பி வர ஆரம்பித்தார். அப்பா ஒரு கையை மட்டும் மெல்ல வெளியே எடுத்து, அவருக்கு எட்டுகிற மாதிரி, தட்டை மேசையின் ஓரத்துக்கு ஒரு விரல் அளவு நகர்த்தி வைத்தார்.