வெள்ளைச் சட்டையும் நொண்டிப் பசுவும்

சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த என் அத்தாவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தகப்பனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்பீர்கள். கொட்டிலில் பசு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இவர் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கலப்பினப் பசு அம்மாவுடையது. வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர் டீக்கடைக்குப் பால் ஊற்றித்தான் அம்மா கைச்செலவைப் பார்த்துக்கொண்டாள். அத்தா அனுப்பும் டிராஃப்ட் அவருடைய அண்ணன், என் பெரியத்தா பெயருக்குத்தான் வரும். உப்பு புளிக்குக்கூட அவர் வாசலில் போய் நிற்க அம்மாவுக்குப் பிடிக்காது. பசு போய்விட்டால் நின்றுதான் ஆக வேண்டும்.

அது ஐப்பசி அடைமழை. கொட்டில் முழுக்கச் சேறு. வெளியே நடமாட்டம் இல்லாமல் அதிலேயே நின்று நின்று, பசுவின் பின்னங்கால் குளம்பு நீண்டு வளைந்து, இடுக்கில் புண் வைத்து நாறியது. ஊரே வந்து வைத்தியம் சொன்னது. ஒருவர் வேப்பெண்ணெய் என்றார், இன்னொருவர் மண்ணெண்ணெய் என்றார், இரண்டையும் ஊற்றினோம். அம்மாவின் தம்பியான என் மாமா ஒருபடி மேலே போய், பசு படுத்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள், நிற்கும்போதே அடிமாட்டுக்குத் தள்ளிவிடலாம் என்று தரகரையே வரச் சொல்லிவிட்டார்.

அத்தாவையும் கேட்காமல் இல்லை. பாலைவனத்தில் பெரிய பால் கம்பெனியில் வேலை பார்ப்பவராயிற்றே. அங்கே ஏசி ரூமில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றி வைத்திருந்தேன்.

"நான் ஆபீஸ்ல இருக்குறவன். மாட்டப் பத்தி எனக்கென்ன தெரியும்?" என்பார் அத்தா.

சரி, தெரியாதென்றால் பேசாமல் உட்கார வேண்டியதுதானே? அதுவும் கிடையாது. எழுந்து கொட்டில் வரை போவார், குளம்பையே பார்ப்பார், கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து உட்காருவார். மறுபடியும் போவார். சட்டையில் சேறு படாமல் நடப்பதில் மட்டும் குறைச்சல் இல்லை.

தரகர் காலையிலேயே வந்துவிட்டார். அம்மா பசுவின் கழுத்தில் கை போட்டபடி நின்றாள். தரகர் கயிற்றை அவிழ்த்து இழுத்தார். பசு ஓர் அடி வைத்துவிட்டு நின்றுவிட்டது. மாமா தார்க்குச்சியை ஓங்கினார்.

"அடிக்காத மச்சான்," என்றார் அத்தா.

சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். நிலைக்கதவு இழைக்க வந்திருந்த ஆசாரியிடம் உளியும் அரமும் வாங்கிக்கொண்டார். பசுவின் காலைக் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டினார். வளர்ந்த குளம்பைச் செதில் செதிலாகச் சீவித் தள்ளினார். இடுக்கைக் கழுவி, உள்ளே புதைந்து கிடந்த கூழாங்கல்லை நெம்பி எடுத்தார். மயில்துத்தம் கரைத்து ஊற்றினார். இத்தனை நாளும் காலைத் தொடவிடாத பசு, அவர் கைக்குள் சாதுவாக நின்றது. கயிற்றை அவிழ்த்ததும் தயங்கித் தயங்கி நான்கு காலையும் ஊன்றியது.

இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று மாமா கேட்டதற்கு, "பாத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார். தரகர் வெறும் கயிற்றோடு கிளம்பிப் போனார்.

அத்தா கை கழுவத் தண்ணீர் ஊற்றிய அம்மா, அந்த உள்ளங்கையைத் திருப்பி, காய்த்துப்போயிருந்த இடங்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். எனக்கானால் ஆத்திரம் தாங்கவில்லை. இவ்வளவு தெரிந்த மனுஷர், அந்த வாயில்லா ஜீவனை இத்தனை நாள் நொண்ட விட்டாரே!

லீவு முடிந்து அத்தா கிளம்பும்போது அம்மாதான் பெட்டி அடுக்கினாள். வெள்ளைச் சட்டைகளை எடுத்து பீரோவில் வைத்துவிட்டு, வெளுத்துப்போன பழைய கைலிகளையும் பனியன்களையும் ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். ஓரத்தில் ஒரு பாட்டில் விளக்கெண்ணெயைச் செருகினாள்.

"ஆபீஸுக்குக் கைலியா கட்டிட்டுப் போவாங்க? சட்டைய எடுத்து வைம்மா!" என்று கத்தினேன்.

அம்மா பெட்டியை மூடிப் பூட்டினாள். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவருக்கும் விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.